நட்டத்தில் என் பாதி

முதல் லாபம் கைக்கு வந்த வாரத்தில் அக்கா செய்த முதல் காரியம், லோக்கல் ரயிலில் பெண்களுக்கான முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததுதான். வாஷியில் துணி வாங்கும் ஒரு பார்ட்டிக்கு மாதிரிச் சட்டைகளைக் காட்ட வேண்டியிருந்தது. சூனாபட்டி ஸ்டேஷன் கவுன்டரில் நான் வாயைத் திறப்பதற்குள் என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "தோ ஃபர்ஸ்ட் கிளாஸ், வாஷி ரிட்டர்ன்" என்றாள். கவுன்டர்காரர் இன்னொரு தரம் கேட்டார். இன்னும் சத்தமாகச் சொன்னாள். பெட்டியில் ஏறியதும் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக அமர்ந்தாள். எதிரே இருந்த ஆபீஸ் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஆன்ட்டி, யே ஃபர்ஸ்ட் கிளாஸ் ஹை" என்றாள். அந்தப் பெண்ணின் குரலில் கெடுதல் ஏதும் இல்லை. தவறுதலாக ஏறிவிட்ட ஒருத்திக்கு உதவுகிற குரல்தான். எனக்குத்தான் முகம் சுட்டது. அக்கா அவளை நேராகப் பார்த்து, "மாலூம் ஹை. இசிலியே சடீ" என்றாள். தெரியும், தெரிந்துதான் ஏறினேன் என்று அர்த்தம். மான்குர்து தாண்டி ரயில் பாலத்தின் மேல் போகும்போது, கீழே கழிமுகத்துத் தண்ணீரைப் பார்த்தபடியே என்னிடம், "ரெண்டு கிளாஸுக்கும் சீட்டுல ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லட்டி. ஆனா ஒருதரம் உக்காந்து பாத்துட்டுத்தான அதச் சொல்லணும்" என்றாள்.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் அவள் எனக்கு உறவு இல்லை. என் கூட்டாளி. சிநேகிதியோடு சேர்ந்து பணம் போட்டுத் தொழில் செய்கிறேன் என்று யாரிடமாவது சொல்லிப்பாருங்கள். உடனே அவர்கள் முகத்தில் ஓர் அனுதாபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுற்றி வளைத்து, எப்போது சண்டை வந்தது, எப்படிப் பிரிந்தீர்கள் என்று கேட்பார்கள். பிரியவில்லை என்றால், அப்படியானால் நட்டமே வந்திருக்காது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். நட்டம் வந்தது. நன்றாகவே வந்தது. அது வந்தபோது எங்களைப் பிரித்துவைக்க எவ்வளவு நல்லவர்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு பாடுபட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பணம் விஷயத்தில் சிநேகம் நிற்காது என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை; நடந்ததுதான் பதில்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னாலிருக்கும் சந்து ஒன்றில், பள்ளிச் சீருடை தைக்கும் காலாவில் நாங்கள் அடுத்தடுத்த மெஷின்களில் வேலை பார்த்தோம். காலா என்பது எங்கள் பக்கத்தில் பட்டறைக்கு வழங்கும் பெயர். கீழே ஒரு கடையோ குடும்பமோ இருக்கும். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால், மேலே தகரக் கூரைக்கடியில் வரிசையாக மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். நான் பிறந்தது, படித்தது எல்லாம் தாராவிதான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை போனேன். அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் கணவர் மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்தபோது ஒரே மகள் சின்னப் பெண். அவர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு தொகை கொடுத்தார்கள். அந்தத் தொகை வந்த நாளிலிருந்து அதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். செம்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன், தன் கடையில் போடச் சொன்னார். மாதாமாதம் வீட்டுச் செலவுக்குத் தருகிறேன், மகள் கல்யாணத்துக்கு முதலைத் திருப்பித் தருகிறேன் என்றார். அவர் மோசமான மனிதர் இல்லை. தங்கையின் பணம் தன்னிடம் பத்திரமாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினார். தங்கை பத்திரமாக இருக்கத்தான் விரும்புகிறாளா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சாயா நேரத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த என்னிடம், "ஏட்டி, நாம ரெண்டு பேரும் எதுக்கு இன்னொருத்தனுக்குத் தைக்கணும்?" என்று கேட்டாள். ஏதோ கோபத்தில் கேட்கிறாள் என்று சிரித்து வைத்தேன். மறுநாளும் கேட்டாள். எனக்கு இந்தியும் மராத்தியும் தண்ணீர் பட்ட பாடு. அதனால் பார்ட்டிகளிடம் பேச முதலாளி என்னைத்தான் அனுப்புவார். எந்தப் பள்ளிக்கு யார் துணி வாங்குகிறார்கள், யார் சொன்ன நாளில் பணம் தருவார்கள், யார் இழுத்தடிப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அக்காவுக்கு மெஷின் தெரியும். அவள் தைத்த காலரைப் பிரித்துப் பார்த்துக்கூடக் குறை சொல்ல முடியாது.

மாட்டுங்காவில் கோயிலுக்குப் போய்விட்டு வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். பூக்கடைத் தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் இருந்தது என்னிடம் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. நான் சங்கிலியை அடகு வைத்தாலும் அந்த அளவுக்கு வராது. ஆகவே லாபத்தில் அவளுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு என்றேன். அது நியாயம் என்றுதான் பட்டது.

"துட்டு நான் கூடப் போடுதேன். ஓடி அலையுறது நீ கூட அலைவே. வெயில்ல நிக்கப் போறது நீ. பார்ட்டிகிட்ட ஏச்சு வாங்கப் போறது நீ. ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு கழிச்சா சரியாப் போச்சு. லாபம் பாதி, நட்டம் பாதி" என்றாள்.

"நட்டத்தப் பத்தி இப்பவே ஏன்க்கா? ஆரம்பிக்கும்போதே அபசகுனமா."

"இப்பப் பேசாம, அது வந்தப்பொறவா பேசுவ? அப்ப ரெண்டு பேருக்கும் வாய் வேற மாதிரி இருக்கும்."

எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அந்தப் படிக்கட்டில் பேசியது மட்டும்தான். எழுதி வாங்காமல் எவராவது பணம் போடுவார்களா என்று இப்போது என் மகள் கேட்கிறாள். எழுதி வைப்பது நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால், எழுதியவர்கள் எல்லாரும் நின்றார்களா என்றும் கேட்பேன்.

ஒரு காலாவை டிபாசிட் கொடுத்துப் பிடித்தோம். பழைய பவர் மெஷின்கள் சிலவற்றை வாங்கினோம். எங்களோடு வேலை பார்த்த பெண்களில் மூன்று பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். முதல் வருடம் மூச்சுவிட நேரமில்லை. இரண்டாம் வருடத்தில்தான் அந்த முதல் வகுப்பு டிக்கெட். எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. என் தம்பி மனைவியை வேலைக்குச் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது, சொந்தக்காரியை வேலையில் வைத்தால் பிறகு அவளைத் திட்ட முடியாது என்று முகத்துக்கு நேராக மறுத்துவிட்டாள். ஒரு வாரம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளோ அதைக் கவனிக்கவே இல்லை என்பதுபோல எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒரு பார்ட்டிக்கு விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தால், "அந்தக் குறைச்சதுல பாதி என்னோடது. கேட்டியா எங்கிட்ட?" என்பாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பாதி என்ற சொல்லை அவள் ஒருநாளும் விளையாட்டாகச் சொன்னதில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நட்டம் சிவப்பில் கட்டம் போட்ட ஒரு துணியாக வந்தது. செம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குச் சீருடை எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர், அடுத்த வருடத்துக்கு மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். முந்தின இரண்டு வருடமும் அப்படித்தான் சொன்னார், அப்படியே கொடுத்தார். கல்பாதேவியில் நாங்கள் வாடிக்கையாகத் துணி எடுக்கும் சேட்டிடம், கருஞ்சிவப்பில் வெள்ளைக் கட்டம் போட்ட அந்தத் துணி மலிவாக வந்திருந்தது. முன்கூட்டியே மொத்தமாக எடுத்தால் இன்னும் குறைப்பதாகச் சொன்னார். நான் ஒரு முழத் துணியை எடுத்துக்கொண்டு வந்து அக்காவிடம் காட்டினேன். அவள் அதைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தாள். "சாயம் போகல. எடு" என்றாள். பாதிப் பணம் கொடுத்து மீதியைக் கடனாக எடுத்தோம். மழைக்காலத்துக்கு முன்பே பாதிக்கு மேல் வெட்டித் தைத்து அடுக்கிவிட்டோம். பள்ளி திறக்கும் சமயத்தில், நிர்வாகம் கை மாறிவிட்டது, சீருடையையும் மாற்றிவிட்டார்கள், இனிமேல் கருநீலம்தான் என்று செய்தி வந்தது. கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. பள்ளி ஆபீசில் போய்க் கேட்டபோது, உங்களுக்கு நாங்கள் ஆர்டரே கொடுக்கவில்லையே என்றார்கள். அதுவும் உண்மைதான்.

காலாவுக்குள் கால் வைக்க இடமில்லாமல் கருஞ்சிவப்புக் கட்டம். கூரை வரைக்கும் பினோஃபார்ம்கள், பெண் பிள்ளைகள் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுன்கள். ஏணியில் ஏறித் தலை உள்ளே நுழைந்ததும் அந்த நிறம் கண்ணில் அடிக்கும். சேட்டுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம், தைத்த பெண்களின் கூலி ஒரு பக்கம், வாடகை இன்னொரு பக்கம். அக்கா மட்டும் தினமும் சரியான நேரத்துக்கு வந்து, கிடைத்த சில்லறை வேலைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி செம்பூருக்கு எட்டியதும் அவள் அண்ணன் வந்தார். அன்று அக்கா காஜா போடும் கடைக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். ஏணியில் ஏறி வந்தவர், துணிக் கட்டின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"அவளுக்கு யாவாரம்னா என்னன்னு தெரியாது. நீதான் இழுத்து விட்டே. பார்ட்டியப் பிடிச்சது நீ, துணி எடுத்தது நீ. எந்தங்கச்சி போட்ட முதல அப்படியே திருப்பிக் குடுத்திரு. நட்டத்த நீ பாத்துக்க. புருசன் இல்லாதவ துட்டும்மா அது" என்றார்.

சத்தம் போட்டுப் பேசியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார். வீட்டுக்கு வந்து சொன்னதும், என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணின் பணத்தைக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அந்தப் பாவம் நம் பிள்ளைகளைச் சும்மா விடாது என்றார். யாரைக் கேட்டாலும் இதையே சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் நகைகளை விற்று, தம்பியிடம் கடன் வாங்கி, அவள் முதலைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். மறுநாள் அவளிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். தையல் முடிந்து நூலை வெட்டினாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த சில நாட்கள் வேலைக்கு வரவே இல்லை. சரி, சம்மதம்தான், வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. கல்யாணம், சாவு, வாடகைத் தகராறு எல்லாவற்றுக்கும் அங்கேதான் பேச்சு. அண்ணன் அங்கே சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் கூடினார்கள். முன்வரிசை முழுக்க ஆண்கள். அக்கா பின்னால் சுவரோரமாக, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் நானும் என் வீட்டுக்காரரும். யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வரும்படிதான் பேசினார்கள். தலைவர் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக நிதானமாகப் பேசுகிறவர். கைம்பெண்ணின் முதலுக்குச் சேதம் வரக்கூடாது, இந்தப் பிள்ளை முழு நட்டத்தையும் தானே ஏற்றுக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையோடு முன்வந்திருக்கிறது, அதனால் சுமுகமாக முடித்துக்கொள்ளலாம் என்றார். கைதட்டினார்கள்கூட. முடிந்தது என்று எல்லாரும் எழுந்திருக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலியே."

எல்லாரும் திரும்பினோம். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்காகத்தானம்மா இவ்வளவு நேரமும் பேசுனோம்" என்றார் தலைவர்.

"எனக்காகப் பேசினீய, சரி. எங்கிட்ட பேசலியே. நான் ஊருக்குப் போயிட்டேனா? இந்தாதான உக்காந்திருக்கேன்."

அண்ணன் எழுந்து, "நீ உக்காரு. ஒனக்கு ஒண்ணும் புரியாது" என்றார்.

"எனக்குப் புரியும்ணே. லாபம் பாதி, நட்டம் பாதின்னு நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் போட்டோம். இப்ப நட்டம் வந்திருக்கு. அதுல எனக்குப் பாதி இருக்கு. அத எங்கிட்டருந்து பிடுங்கி அவ தலையில கெட்டுதீய. எம்பங்க எடுக்க ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "நட்டத்தப் போயி யாராவது பங்கு கேப்பாவளா?" என்று ஒருவர் கேட்டார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "கேப்பேன். லாபம் வந்தப்ப நான் பாதி வாங்குனேன். ஐயோ பாவம், தாலியறுத்தவன்னு அப்ப யாரும் ஒரு ரூவா கூடப் போட்டுத் தரல. நானும் கேக்கல. இப்ப மட்டும் எதுக்குப் பாவம்? அந்தத் துணிய நனைச்சுப் பாத்து, எடுன்னு சொன்னது நான். இவ எங்கிட்ட கேக்காம எடுக்கல. முதலத் திருப்பி வாங்கிட்டா நான் யாரு? துட்டக் குடுத்து வச்சிருந்த ஒருத்தி. நட்டத்துலயும் நின்னாத்தான் அண்ணாச்சி நான் முதலாளி."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "நாளைக்கு மக கல்யாணம் காச்சின்னு எங்கிட்ட வந்து நிக்காத" என்றார். "நிக்க மாட்டேன்" என்றாள் அக்கா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். தொண்ணூறு அடி ரோட்டில், கைவண்டிகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் நடுவில் அவளைப் பிடித்தேன். அழுதுகொண்டே கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று போன என்னை, அவள் நடுரோட்டில் நிறுத்தி வைத்துத் திட்டினாள். எனக்கு இன்றுவரை அந்த வார்த்தைகள் மறக்கவில்லை. "அவ்வோ ஆம்பளைய, அவ்வோளுக்குத் தெரியாது. ஒனக்கு எங்கட்டி போச்சு புத்தி? எம்மேல இரக்கப்பட ஒன்ன யாரு வச்சா? நீயும் நானும் ஒண்ணுன்னு நெனச்சேன். நீ எனக்குத் தருமம் பண்ணப் பாத்திருக்கே." நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் என்றேன். "நல்லது செய்யணும்னா நாளைக்குக் காலைல சேட்டப் பாக்க என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் மகளுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. இருவரையும் இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனது அந்தப் பெண்தான்.

அன்றைக்கு அவள் சொன்னதை நான் பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். ஒருவரின் நட்டத்தை நாம் வாங்கிக்கொள்வது உபகாரம் என்றுதான் எல்லாருக்கும் கற்றுத்தந்திருக்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ளும்போது அவர் முடிவெடுத்தார் என்பதையும் சேர்த்தே பிடுங்கிக்கொள்கிறோம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவளைக் காப்பாற்றத்தான் முயன்றார்கள். அவள் கேட்டதெல்லாம் தன்னை ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுதான். அதைத் தருவது எவருக்கும் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. எனக்கும்தான்.

சேட்டைப் பார்க்க இருவருமே போனோம். வெட்டாத துணியை அடிமாட்டு விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு மீதிக்குத் தவணை கொடுத்தார். மெஷின்களில் இரண்டை விற்றோம். ஆனால் தைத்து அடுக்கியிருந்ததை என்ன செய்வது? வேறு பள்ளிக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகாது. அக்கா ஒருநாள் ஆத்திரத்தில் ஒரு பினோஃபார்மைக் கிழித்துத் தனக்கு ஒரு காய்கறிப் பை தைத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, ஜனங்கள் காய்கறியைப் புடவைத் தலைப்பில் கட்டிக்கொண்டு போன சமயம் அது. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு மாமி அவளை நிறுத்தி, "இந்தப் பை எங்கே வாங்கினேள்? நன்னா கெட்டியா இருக்கே" என்று கேட்டிருக்கிறாள். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு விலையைச் சொல்லி, பையிலிருந்த கத்தரிக்காயைத் தன் மடியில் கொட்டிக்கொண்டு பையை விற்றுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நாங்கள் தைத்ததெல்லாம் பைதான். மாட்டுங்கா, செம்பூர், சயான் என்று மார்க்கெட் மார்க்கெட்டாக நின்று விற்றோம். அந்தப் பள்ளி வாசலுக்கு எதிரேயே ஒருநாள் கடை போட வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். போட்டோம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் பழைய சீருடைத் துணியை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தபடியே வாங்கிப் போனார்கள்.

பையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. பை விற்றது நட்டத்தைக் குறைத்தது, நட்டம் நட்டம்தான். மீதியை இருவரும் பாதிப் பாதியாக அடைத்தோம். என் சங்கிலி போனது. அக்காவின் பாதியில் மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்திருந்தது போனது. அந்தப் பெண்ணுக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை பார்க்கும் ஒரு பையன் அமைந்தபோது, மாட்டுங்கா கோயிலில் தாலி கட்டி, ஓட்டலில் சாப்பாட்டோடு முடித்தார்கள். தாய்மாமன் வரவில்லை. மாமன் மாலை போட வேண்டிய நேரம் வந்தது. ஐயர், "யாராவது வாங்கோ" என்றார். அக்கா மாலையைத் தானே எடுத்து மகள் கழுத்தில் போட்டாள். கூட்டத்தில் ஒரு கிழவர் முறை இல்லை என்று முணுமுணுத்தார். "முறையெல்லாம் நட்டத்துல போயிட்டு மாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்று அவள் ஓட்டல் கைகழுவும் இடத்தில் முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் நின்றாள். தனக்கு உரிமையானதற்காக அவள் கொடுத்த விலை அது. அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அதற்குப் பிறகும் எங்கள் காலா ஓடியது. சீருடையை விட்டுவிட்டு ஓட்டல்களுக்கும் சமையல் கான்ட்ராக்டர்களுக்கும் ஏப்ரன், பணியாளர் சட்டை என்று மாறினோம். லாபம் வந்த வருடங்கள் அதிகம். அண்ணன்கூட ஒரு தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வந்து ஏணிக்குக் கீழேயே நின்றார். அக்கா அவரை மேலே கூப்பிட்டு, தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். பழையதைப் பேசவில்லை. பிறகு அவளுக்கு முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனது. மகள் வீட்டோடு அம்பர்நாத்துக்குப் போனாள். போகும்போது என்னிடம், "இனிமே ஓடுறதும் நீ, தைக்கிறதும் நீ. பாதின்னா அது களவு. எந்துட்டு மட்டும்தான உள்ள கெடக்கு. மூணுல ஒண்ணு போதும்" என்றாள். நான் பாதிதான் என்று வாதாடினேன். நீண்ட வாக்குவாதம் அது. கடைசியில் அவளே ஜெயித்தாள். "லாபத்துலயும் மூணுல ஒண்ணு. நட்டத்துலயும் மூணுல ஒண்ணு" என்று எழுந்திருக்கும்போதும் ஒரு தடவை சொன்னாள்.

இந்த வருடம் ஒரு கேட்டரிங்காரர் ஏப்ரனும் சட்டையுமாகப் பெரிய அளவில் மால் வாங்கிக்கொண்டு, பணம் தராமல் கடையை மூடிவிட்டு மறைந்துவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் காலாவில் நட்டம். என் வீட்டுக்காரர், என் மகள், காலாவில் தைக்கும் பெண்கள் என்று எல்லாரும் சொன்னது ஒன்றே: அந்த அம்மாவிடம் போய் இதைச் சொல்லாதே, உடம்புக்கு முடியாமல் இருக்கிறவர்கள். வழக்கமாகக் கொடுக்கும் லாபப் பங்கு என்று கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்துவிடு. இவர்களும் நல்லவர்கள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கைதட்டியவர்களைப் போலவே நல்லவர்கள். நான் குர்லாவில் அம்பர்நாத் லோக்கலைப் பிடித்தேன்.

மருமகன் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். தங்கமான பிள்ளை. குரலைத் தாழ்த்தி, "அத்தைக்குப் பி.பி. ஏறி ஏறி இறங்குதுக்கா. யாவாரத்துல ஏதும் பிரச்சினைன்னா எங்கிட்ட சொல்லுங்க. அவங்க காதுக்குப் போக வேண்டாம். அவங்க பங்குக்கு உண்டானத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நன்றி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "உங்க பங்கு அதுல ஒண்ணும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் வேறு என்ன சொல்வது?

அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மட்டும் பழையபடி. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, இந்த வருசம் நட்டம்" என்றேன். அடுக்களையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். மருமகன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யார் அந்தப் பார்ட்டி, எவ்வளவு மால் போனது, அட்வான்ஸ் வாங்கினாயா, ஏன் வாங்கவில்லை என்று வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அட்வான்ஸ் வாங்காமல் மால் கொடுத்ததற்கு மருமகன் எதிரிலேயே என்னைத் திட்டினாள். திட்டத் திட்ட அவள் முதுகு சுவரைவிட்டு நிமிர்ந்தது.

"என் பங்கு எவ்வளவு வருது?" என்றாள்.

சொன்னேன். மகளைக் கூப்பிட்டு பீரோவிலிருந்து பாங்க் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னாள். மகள் கணவனைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஒன்றாகக் கொடுக்க முடியாது, இரண்டு தவணையாகத் தருகிறேன் என்றாள். சரி என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

காப்பி வந்தது. ஆற்றிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரிட்டி, அது போட்டும். அடுத்தாப்புல நாம என்ன தைக்கப் போறோம்?" என்று கேட்டாள்.